புது விதைப்பான்: விதை எங்கே நிற்கிறது?

"புது மிஷின் வாங்கிட்டேன், விதை விழ மாட்டேங்குது." ஆனி, ஆடி வந்தாலே எனக்கு வருகிற போன்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கையால் தள்ளிக்கொண்டே விதை போடும் விதைப்பானைத்தான் சொல்கிறேன். சுற்றிலும் வாத்து மூக்கு மாதிரி மூக்குகள் வைத்த சக்கரம், ஓரத்தில் விதைப்பெட்டி, பின்னால் மண்ணை மூடி அமுக்கும் சின்னச் சக்கரம், பிடித்துத் தள்ள ஒரு கைப்பிடி. சால் போட ஆள் கிடைக்காத ஊர்களில் இப்போது இது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. வரவேற்க வேண்டிய கருவிதான். டீசல் வேண்டாம், டிராக்டருக்குக் காத்திருக்க வேண்டாம், இரண்டு பேர் மாறி மாறித் தள்ளினால் ஒரு ஏக்கரை ஒரே நாளில் முடிக்கலாம்.

ஆனால் பெட்டியைப் பிரித்து, ஸ்குரூ முடுக்கி, விதையைக் கொட்டித் தள்ளினால் பத்தடிக்கு ஒரு விதை விழுகிறது. இல்லாவிட்டால் பாதிப் பருப்பாக உடைந்து விழுகிறது. கடைக்காரரைக் கேட்டால், "உங்க விதை சரியில்லைங்க. பாக்கெட் விதை போடுங்க, அழகா விழும்" என்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. எங்கள் செம்மண் கொல்லையில் மழை பெய்த பிறகு விதைக்கிற பதம் இரண்டு நாள் நிற்கும், மிஞ்சினால் மூன்று நாள். வானம் வெளுத்து வெயில் அடிக்கிற நேரத்தில், புது மிஷின் முன்னால் நிற்கிற ஆள் யோசிக்க மாட்டான். டவுனுக்கு ஓடி அந்த பாக்கெட்டை வாங்கி வந்து போட்டுவிடுவான். பல வருடம் குதிரில் காத்து வைத்த விதை அந்தப் பட்டத்தில் மண்ணுக்குள் போகாது. மல்லாட்டைப் பருப்புக்கு (வேர்க்கடலையை எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை என்போம்) முளைப்புத் திறன் அதிக நாள் நிற்காது. ஒரு பட்டம் தவறினால் அந்த விதை எண்ணெய்க்குத்தான் போகும். அண்டை அயலில் அதே விதை யாரிடமும் இல்லையென்றால், அதோடு அது முடிந்தது.

அதனால் மிஷின் விதையை ஏற்க மறுத்தால், விதையைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விதை எங்கே நிற்கிறது?

இந்தக் கருவிக்குள் விதை போகிற வழியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டியின் அடியில் ஓர் உருளை இருக்கும். ரோலர் என்றுதான் கடையில் கேட்க வேண்டும். அதன் மேல் வரிசையாகக் குழிகள். சக்கரம் உருளும்போது பல்சக்கரம் வழியாக இந்த உருளையும் சுற்றும். சுற்றும்போது ஒவ்வொரு குழியும் பெட்டியில் இருந்து ஒரு விதையை ஏந்திக்கொள்ளும். குழிக்கு மேல் கூடுதலாக நிற்கிற விதையை ஒரு பிரஷ் தள்ளிவிடும். குழி கீழ்ப்பக்கம் திரும்பியதும் விதை சக்கரத்தின் உள்ளே விழுந்து ஒரு மூக்குக்குப் போகும். அந்த மூக்கு மண்ணில் குத்தி, வாய் திறந்து, விதையை விட்டுவிட்டு மேலே ஏறும். ஆக விதை நிற்கக்கூடிய இடங்கள் பெட்டி, குழி, பிரஷ், சக்கரத்தின் உள்பக்கம், மூக்கு, அவ்வளவுதான்.

இதைக் கொல்லையில் கண்டுபிடிக்க முடியாது. களத்தில் ஒரு வெள்ளை வேட்டியையோ தார்ப்பாயையோ விரியுங்கள். இரண்டு பக்கமும் கல் வைத்து, சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள். பெட்டியில் இரண்டு கைப்பிடி விதை மட்டும் போடுங்கள். சக்கரத்தை முன்பக்கமாக மெதுவாகக் கையால் சுற்றி, ஒவ்வொரு மூக்கும் கீழே வரும்போது அதன் வாயைக் கையால் திறந்து பாருங்கள். முழுப் பெட்டியையும் நிரப்பிக் கொல்லையில் ஓட்டிப் பார்த்தால், விழுந்ததா இல்லையா என்பது ஏழாம் நாள் முளை வரும்போதுதான் தெரியும்.

என் விதைப்பானை நான் இப்படித்தான் வேட்டி மேல் வைத்துச் சுற்றினேன். கையில் இருந்தது கொடி மல்லாட்டை, நாற்பத்தைந்து கிலோ பருப்பு, கையால் உரித்துப் பொறுக்கியது. பத்துச் சுற்றுக்கு 120 விதை விழ வேண்டும், ஏனென்றால் என் சக்கரத்தில் 12 மூக்கு. விழுந்தது முப்பத்தொன்று. அதிலும் ஏழெட்டு பாதியாகப் பிளந்திருந்தன. மல்லாட்டை இரண்டாகப் பிளந்தால் அது விதை இல்லை, சுண்டலுக்குத்தான் ஆகும்.

அந்த நேரம் பக்கத்துக் கொல்லை அண்ணன் வந்தார். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு பட்டாளத்துக்காரர்கள் உண்டு. இவர் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிச் சில வருடம் என்.சி.சி. பிள்ளைகளுக்கு ரைஃபிள் பயிற்சி கொடுத்தவர். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இது புது ரைஃபிள்ல ரவுண்டு ஏறாத கதைதான்" என்றார்.

"என்னண்ணா சொல்றீங்க?"

"போல்ட்டை இழுத்துத் தள்ளுற ரைஃபிள் இருக்குல்ல, அதுல புதுசா ஸ்டோர்ல இருந்து எடுத்ததுல, சில சமயம் ரவுண்டு உள்ள போகாது. புதுசா சேர்ந்த பையன் என்ன பண்ணுவான்? போல்ட்டை ஓங்கி அடிப்பான். அடிச்சு ஏத்தவே கூடாது. ஏறினாலும் ஆபத்து, மாட்டிக்கிட்டா அதைவிட ஆபத்து. குழலைப் பத்திரமான பக்கம் திருப்பி, ரவுண்டை வெளியே எடுத்துட்டு, அப்புறம்தான் யோசிக்கணும். முதல்ல சேம்பர் சுத்தமா? துரு பிடிக்காம இருக்க ஸ்டோர்ல கிரீஸ் அப்பி வெச்சிருப்பான். அது உள்ள கட்டியா நிக்கும். துணி விட்டு இழுத்தா பாதிக் கேஸ் அங்கேயே தீர்ந்துரும். அப்புறம் டம்மி ரவுண்டு. பயிற்சிக்குன்னு அளவா செஞ்சது. அது சுகமா ஏறி இறங்கினா ரைஃபிள் மேல தப்பு இல்ல. ரவுண்டு நசுங்கியிருக்கும், அழுக்கா இருக்கும், இல்ல அந்த ரைஃபிளுக்கே அது ரவுண்டு இல்ல. டம்மியும் ஏறலைன்னா ரைஃபிள்ல கோளாறு. நாம கை வைக்கக் கூடாது, ஆர்மரர்கிட்ட கொடுத்துடணும்."

இன்னொன்றும் சொன்னார். பழைய 303 ரைஃபிளின் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு துருத்திக்கொண்டு இருக்குமாம். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி நல்லது, தோட்டா நல்லது, அடுக்கியதுதான் தப்பு. "நீ விதையைப் பெட்டியில எப்படிக் கொட்டினேன்னும் பாரு" என்றார்.

அவர் சொன்னதில் டம்மி ரவுண்டு என்பதுதான் என்னைப் பிடித்தது. ஒன்றை மாற்று, மற்றதை மாற்றாதே. வீட்டில் மாட்டுக்கு வைத்திருந்த மக்காச்சோளத்தில் ஒரு கைப்பிடி எடுத்து வந்து அதே உருளையில், அதே பிரஷ்ஷில் போட்டுச் சுற்றினோம். 120-க்கு 113 விழுந்தது. மிஷின் சரி, பல்சக்கரம் சரி, மூக்கு சரி. அப்படியானால் கோளாறு மல்லாட்டையும் குழியும் சந்திக்கிற இடத்தில் மட்டும்தான். நீங்களும் இதையே முதலில் செய்யுங்கள். மக்காச்சோளமோ கொண்டைக்கடலையோ, சீராக இருக்கிற காய்ந்த தானியம் ஒரு கைப்பிடி. அது விழுந்தால் மிஷினைக் கழற்றி மாட்டுகிற வேலை மிச்சம். அதுவும் விழாவிட்டால் விதையை விட்டுவிட்டு மிஷினைப் பாருங்கள்.

குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாட்டு விதைக்காரர்களுக்கு எல்லாச் சிக்கலும் அங்கேதான். விதைக் கருவி செய்கிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு எளிமையானது. குழியின் அகலம், விதையின் மிக நீண்ட அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். ஆழம், விதையின் சராசரித் தடிமன் அளவு இருந்தால் போதும். விதை குழிக்குள் படுத்தால் அதன் முதுகு உருளையின் மேல்மட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் விதை துருத்தி நிற்கும், பிரஷ் தட்டிவிடும். ஆழம் கூடினால் ஒன்றின் மேல் இன்னொன்று ஏறும்.

என் பருப்பில் இருபதை எடுத்து ஸ்கேல் மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நீளம் 13 மி.மீ. அளவு, அகலம் 8 மி.மீ. உருளையில் இருந்த குழி வட்டம், விட்டம் 11 மி.மீ. விஷயம் விளங்கிவிட்டது. பருப்பு அந்தக் குழியில் படுக்க முடியாது. நட்டுக்குத்தலாகத்தான் நிற்க முடியும். நின்றால் தலை வெளியே இருக்கும். பிரஷ் வந்து தலையில் தட்டும், ஒன்று தெறித்து மறுபடி பெட்டிக்குப் போகும், இல்லாவிட்டால் பிளந்துபோகும். மக்காச்சோளம் 11 மி.மீ. குழியில் சுகமாக உட்காருகிறது, ஏனென்றால் அந்தக் குழியே மக்காச்சோளத்துக்குப் போட்டது. கடைக்காரர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. உருளை ஏதோ ஒரு விதைக்குச் செய்யப்பட்டது, அது நம் விதை இல்லை. இதில் விதையின் குற்றம் எங்கே வந்தது?

பெட்டியோடு நான்கைந்து உருளைகள் தருவார்கள். எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொரு குழியிலும் உங்கள் விதையைக் கையால் வைத்துப் பாருங்கள். மிஷினில் மாட்ட வேண்டியதே இல்லை. எந்தக் குழியில் விதை தானாகப் படுத்து, கவிழ்த்தால் தானாக விழுகிறதோ அதுதான் உங்கள் உருளை. கவிழ்த்துப் பார்ப்பது முக்கியம். படுக்கும், ஆனால் விழாது என்கிற குழிகளும் உண்டு. புது உருளையில் குழியின் ஓரத்தில் பிளாஸ்டிக் பிசிறு நிற்கும். விரல் நுனியால் தடவினால் தெரியும். பழைய பிளேடால் மெல்லச் சீவி, உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போய்விடும். பட்டாளத்து அண்ணன் சொன்ன கிரீஸ் இங்கேயும் உண்டு. பல்சக்கரத்துக்குப் போட்ட கிரீஸோ எண்ணெயோ உருளை மேல் வழிந்திருக்கும். அதில் விதையின் தூசி ஒட்டிக் களிபோல ஆகிவிடும். சீயக்காய்த் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். உருளைக்கு எண்ணெய் போடவே கூடாது. பல்சக்கரத்துக்கு மட்டும், அதுவும் தொட்டு வைக்கிற அளவு.

எந்த உருளையும் பொருந்தாவிட்டால் லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். நான் என் வட்டக் குழிகளை நீள்குழிகளாக ஆக்கச் சொன்னேன். நீளம் 15, அகலம் 9, ஆழம் 8 மி.மீ. அரை மணி நேர வேலை. ஒரு குழியை மட்டும் முதலில் போடச் சொல்லி, கையோடு கொண்டுபோன பருப்பை வைத்துப் பார்த்த பிறகு மற்றதைப் போடச் சொல்லுங்கள். குழி போடாத உருளை உங்கள் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது, கடையோடு வந்ததைக் கெடுக்க வேண்டாம். குழி பெரிதாகப் போய்விட்டால் அடியில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி மேடாக்கலாம். வெயிலில் உருகுமே என்பீர்கள். பெட்டி மூடி இருப்பதால் காலை வேலைக்குத் தாங்குகிறது, உச்சி வெயிலில் தாங்காது. நிரந்தரமாக வேண்டுமானால் எம்-சீல் வைத்து அடைக்கலாம்.

அடுத்து விதையின் சீரின்மை. நம் விதையில் பெரிசும் சிறிசும் கலந்திருக்கும். பாக்கெட் விதையைச் சலித்து ஒரே அளவாக்கி விற்கிறார்கள், அதனால்தான் அது அழகாக விழுகிறது. அதே வேலையை நாமும் வீட்டில் செய்யலாம். சுருங்கியது, தோல் உரிந்தது, பிளந்தது எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகு, நல்ல பருப்பைச் சல்லடையில் போட்டுப் பெரிசு, சிறிசு என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டையும் விதையுங்கள், ஆனால் தனித்தனி நேரத்தில், தனித்தனி உருளையில். மிஷினுக்குப் பிடிக்கிற அளவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எண்ணெய்க்கு அனுப்பாதீர்கள். வருடா வருடம் அப்படிச் செய்தால், நமக்குத் தெரியாமலே மிஷின் நம் விதையைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடும். அந்த அதிகாரத்தை ஒரு பிளாஸ்டிக் உருளைக்குக் கொடுக்க எனக்கு மனசு இல்லை.

பிரஷ் விஷயம் சின்னது. புதிதில் அது விறைப்பாக இருக்கும். உருளையை அழுத்திக்கொண்டு நிற்கும். உளுந்து, பச்சைப்பயறுக்கு அது சரி, மல்லாட்டைக்கு ஆகாது. பிரஷ்ஷின் முடி உருளையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி ஸ்குரூவைத் தளர்த்துங்கள். சில குழிகளில் இரண்டு விதை போனாலும் போகட்டும், பிளந்த விதை போகக் கூடாது.

பெட்டியில் விதை பாலம் கட்டுவது இயற்கை விவசாயிகளுக்கே உரிய கோளாறு. காரணம் பீஜாமிர்தம். பீஜாமிர்தத்தில் நனைத்து, கொஞ்சம் ஆறினதும் பெட்டியில் கொட்டிவிடுகிறோம். கையால் சால் போடுவதற்கு அது போதும். விரல் விதையைப் பிரித்துக்கொள்ளும். உருளைக்கு விரல் இல்லை. ஈர விதைகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு உருளைக்கு மேல் கூரை மாதிரி நிற்கும், கீழே குழிகள் வெறுமனே சுற்றும். பெட்டியைத் தட்டினால் நான்கு விழும், மறுபடி நிற்கும். தோட்டா விளிம்பு மாட்டிக்கொள்வதாக அண்ணன் சொன்னதும் இதுவும் ஒரே ஜாதிக் கோளாறு. அதற்காக விதைநேர்த்தியை விட்டுவிட வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் செய்யுங்கள். மல்லாட்டையை ஊற வைக்கக் கூடாது. ஊறினால் தோல் சுருங்கி உரியும், பிறகு பிரஷ்ஷில் பட்டு உருளையெல்லாம் சிவப்புத் தோலாக ஆகும். கோணிப்பையில் பரப்பி, பீஜாமிர்தத்தை லேசாகத் தெளித்து, பையின் இரண்டு முனையைப் பிடித்து உருட்டி எடுங்கள். பிறகு நிழலில், துணி மேல் ஒரே அடுக்காகப் பரப்பி ராத்திரி முழுதும் விடுங்கள். காலையில் ஒரு கைப்பிடி அள்ளி விரல்களை விரித்தால், உள்ளங்கையில் ஒன்றுகூட ஒட்டாமல் கொட்ட வேண்டும். அதுதான் மிஷினுக்குப் பதம்.

கொஞ்சம் பிசுபிசுப்பு மிஞ்சினால் சலித்த அடுப்புச் சாம்பலை மெல்லத் தூவிப் புரட்டலாம். ரைசோபியம் போன்ற உயிர் உரம் பூசிய விதைக்கு மட்டும் நான் சாம்பல் போடுவதில்லை, சாம்பலின் காரம் நுண்ணுயிருக்கு ஆகாது. மிஷினில் விதைக்கிறவர்கள் உயிர் உரத்தை அரிசிக் கஞ்சியில் குழைத்து விதைக்குப் பூசுவதைவிட மண்ணில் போடுவதே சுலபம். ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் நான்கு, பத்து கிலோ மக்கிய தொழு உரம், பத்து கிலோ மணல் கலந்து விதைக்கும் முன் தூவிவிட்டால் வேலை முடிந்தது.

பருத்திக்காரர்களுக்கு இது இன்னும் கடுமை. கோவில்பட்டி, அருப்புக்கோட்டை கரிசலில் கருங்கண்ணி விதைக்கிறவர்களைக் கேளுங்கள். விதையின் மேல் பஞ்சு மயிர் இருக்கும். அந்த விதை பெட்டியில் ஒரு கட்டியாகத்தான் நிற்கும், எந்த உருளையும் அதை ஏற்காது. இதற்கு நம் முன்னோர் செய்த வழியே வழி. சாணமும் செம்மண்ணும் கரைத்த கூழில் போட்டுத் தரையில் தேய்த்து, மயிர் படிந்து ஒவ்வொரு விதையும் தனித்தனியாக உருளும்படி காய வைப்பது. காய்ந்த பிறகு விதை தடித்திருக்கும் என்பதால், அந்த விதையை வைத்துத்தான் குழி அளவு பார்க்க வேண்டும்.

தினை, சாமை போன்ற பொடி விதைக்கு வேறு சிக்கல். சின்னக் குழியிலும் ஐந்தாறு ஏறும். மணல் கலந்து போடலாம் என்று தோன்றும். தூவுவதற்கு அது சரி, மிஷினில் மணல் கனமாக அடியில் இறங்கிவிடும், உருளையையும் தேய்க்கும். அதே தினையில் கொஞ்சத்தை முளைக்காத அளவுக்கு வறுத்து, ஒன்றுக்கு மூன்று என்று கலந்து போடுங்கள். அளவும் எடையும் ஒன்று என்பதால் பிரியாமல் போகும்.

இப்போது மிஷின் பக்கம். மக்காச்சோளமும் விழவில்லை என்றால் பார்க்க வேண்டியவை இவை. முதலில், உருளை சுற்றுகிறதா? சக்கரம் சுற்றியும் உருளை நின்றால் பல்சக்கரம் பல்லோடு பல் சேரவில்லை, ஸ்குரூவைத் தளர்த்தி நெருக்கி முடுக்குங்கள். அடுத்து, சரியான பக்கம் சுற்றுகிறதா? பாகம் பாகமாக வருகிற மிஷினில் கைப்பிடியைத் தலைகீழ்ப் பக்கம் மாட்டிவிட்டால் முழுச் சக்கரமும் பின்பக்கமாக ஓடும். பெரும்பாலான மிஷினில் பக்கத் தகட்டில் அம்புக்குறி இருக்கும். மூக்கின் அசையும் தாடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்த அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு, விதை உருளையை விட்டு விழுந்தும் மூக்குக்கு வராமல் இருக்கிறதா? அப்படியானால் சக்கரத்தின் உள்ளே நிற்கிறது. பக்கத் தகட்டைக் கழற்றினால் அங்கே குவிந்து கிடக்கும். உருளை விதையை விடுகிற நேரமும் மூக்கு வந்து வாங்குகிற நேரமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளி மாட்டிச் சுற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியானால், எது சரி செய்தது என்று அடுத்த வருடம் தெரியாது.

களத்தில் நன்றாக விழுந்து, கொல்லையில் விழவில்லை என்றால் மூக்கைப் பாருங்கள். ஈரம் அதிகமாக இருக்கும்போது மண் மூக்கில் அப்பிக்கொள்ளும். மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்தில் இருந்து போடுங்கள். உடைந்து சிதறினால் ஓட்டலாம், தட்டையாக ஒட்டினால் இன்னும் அரை நாள் பொறுங்கள். தள்ளும்போது ஒருபோதும் பின்னால் இழுக்காதீர்கள். பின்னால் இழுத்தால் திறந்த மூக்கு மண்ணை அள்ளும். வரப்பு ஓரத்தில் திரும்பும்போது கைப்பிடியை அழுத்திச் சக்கரத்தைத் தூக்கித்தான் திரும்ப வேண்டும். வேலைக்கு வந்தவர்களுக்கு இதைச் செய்து காட்டுங்கள். சொன்னால் மட்டும் போதாது, கை தன்னால் பின்னுக்கு இழுக்கும். மூடாக்குப் போட்ட நிலமாக இருந்தால் தழையின் மேலேயே மூக்கு குத்தி, அங்கேயே வாய் திறந்து விதையைப் போட்டுவிட்டுப் போகும். விதைக்கிற வரிசையில் மட்டும் மூடாக்கை ஒதுக்கி வையுங்கள், முளைத்த பிறகு மறுபடி இழுத்துவிடலாம். மல்லாட்டைக்கு 5 செ.மீ. ஆழம் போதும்.

வேகமும் ஒரு கோளாறுதான், ஆனால் யாரும் அதைக் கோளாறு என்று நினைப்பதில்லை. குழி பெட்டிக்கு அடியில் போகிற அந்தக் கண நேரத்தில்தான் விதை அதற்குள் படுக்க வேண்டும். ஓடினால் படுக்க நேரம் கிடைக்காது. ஏர் பிடித்து நடக்கிற நடை போதும்.

லேத்தில் குழியை நீட்டிய பிறகு, நிழலில் காய்ந்த பருப்பைப் போட்டு வேட்டி மேல் மறுபடி பத்துச் சுற்று சுற்றினேன். 120-க்கு 109 விழுந்தது, அதில் பிளந்தது ஒன்று. பிரஷ்ஷை இன்னும் கொஞ்சம் தளர்த்தியதும் 114. இந்த எண்ணிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். என் மிஷினில் மூக்குக்கு மூக்கு 15 செ.மீ. நான் வரிசைக்கு வரிசை 25 செ.மீ. விடுகிறேன். அப்படியானால் ஏக்கருக்கு ஒரு லட்சத்து ஏழாயிரம் குழி சொச்சம். நூற்றுக்குப் பதினைந்து குழி வெறுமனே போனால் பதினாறாயிரம் செடி இல்லை. அந்த இடத்தில் எல்லாம் களை வந்து உட்காரும். வேளாண் பல்கலைக்கழகம் மல்லாட்டைக்குச் சொல்கிற 30-க்கு 10 இடைவெளி இந்த மூக்குகளில் கிடைக்காது. அதே எண்ணிக்கை வேண்டுமென்றால் வரிசையை 20 செ.மீ. ஆக்கலாம், ஆனால் களைக்கொத்து உள்ளே போக அது நெருக்கம். எனக்குக் களை எடுக்கிற வசதிதான் முக்கியம் என்பதால் 25-ல் நிற்கிறேன்.

நூற்றுக்கு ஐந்து வெற்றிடம் வரை நான் பொருட்படுத்துவதில்லை. ஏழெட்டு நாளில் முளை தெரிந்ததும் ஒரு சுற்று நடந்து, சந்து விழுந்த இடத்தில் காராமணியோ துவரையோ குத்திவிடுகிறேன். பக்கத்துக் கொல்லை அண்ணன் அங்கேயும் மல்லாட்டையேதான் வைப்பார். அது அவரவர் இஷ்டம்.

விதைத்து முடித்த அன்றே பெட்டியைக் கவிழ்த்து, உருளையைக் கழற்றி, சக்கரத்தின் பக்கத் தகட்டையும் திறந்து தட்டிவிடுங்கள். உள்ளே ஐந்தாறு விதை எப்போதும் மிஞ்சியிருக்கும். நாட்டு ரகங்களைத் தனித்தனியாகக் காக்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கொல்லையில் இந்த ரகமும் கலந்து முளைக்கும். எலிக்கும் அது அழைப்பு. உருளைகளை ஒரு டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றிலும் எந்த விதை, எந்த அளவு, பிரஷ் எவ்வளவு தளர்வு என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் மிஷினை இரவல் கேட்டால் அந்த டப்பாவையும் சேர்த்துக் கொடுங்கள்.